கத்தி படாத புத்தகம்

வாசகர் கேள்வி – பதில். இந்த மாதம்: பழைய காமிக்ஸ் புத்தகங்களும் அவற்றின் விலையும். பதில் சொல்பவர் மதுரை வடக்குமாசி வீதியில் 38 ஆண்டுகள் பைண்டிங் கடை நடத்தி ஓய்வுபெற்றவர்; முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய 1972 முதல் காமிக்ஸ் சேர்ப்பவர்.

அமெரிக்காவில் ஒரு சூப்பர்மேன் புத்தகம் 80 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனதாகப் படித்தேன். ஒரு குழந்தைகள் படக்கதைக்கு இவ்வளவு விலையா? மனிதர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, ஐயா?
– சேலத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

நீங்கள் படித்தது உண்மை. 1939இல் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழ் அது. அன்று கடையில் அதன் விலை 10 சென்ட். 2025 நவம்பரில் டல்லஸ் நகரின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் அதை 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விற்றது. வடக்குக் கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், தாயார் மறைந்தபின் வீட்டைக் காலிசெய்தபோது, பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். “என்னிடம் அரிய காமிக்ஸ் இருக்கிறது” என்று அந்த அம்மா பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எடுத்துக் காட்டியதே இல்லை.

புத்தி பேதலித்தது என்று நான் சொல்லமாட்டேன். விலை எப்படி ஏறிவந்தது என்று பாருங்கள். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியது 1938இல், ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ என்ற இதழின் முதல் எண்ணில். பச்சை நிறக் காரைத் தலைக்குமேல் தூக்கி அவர் மோதுகிற அந்த அட்டைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த இதழின் ஒரு பிரதி 2010 பிப்ரவரியில் 10 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு முன் எந்தக் காமிக்ஸ் புத்தகமும் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. 2014இல் வேறொரு பிரதி 32 லட்சம் டாலர். 2024இல் இன்னொன்று 60 லட்சம் டாலர். பதினான்கே ஆண்டுகள்!

1938இன் அந்த முதல் இதழை அச்சடித்தது ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரதிகள். இன்று மிஞ்சியிருப்பவை நூறு அளவில்தான் இருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. மற்றவை எங்கே போயின? பிள்ளைகள் படித்தார்கள், மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள், நண்பனிடம் மாற்றிக்கொண்டார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ‘பழைய காகிதம் கொடுங்கள், போருக்கு உதவுங்கள்’ என்று தெருத்தெருவாகக் கேட்டு வாங்கினார்கள். கட்டுக்கட்டாகப் போய் அரைபட்டவற்றில் இந்தப் புத்தகங்களும் இருந்தன. தப்பியவற்றை வீடு மாறும்போது அம்மாக்கள் எறிந்தார்கள். யாரும் பாதுகாக்க நினைக்காத பொருள் என்பதால்தான் இன்று அது அரிது. 1938இல் பத்து வயதாக இருந்த எல்லாப் பிள்ளைகளும் அதை உறையிலிட்டுப் பூட்டி வைத்திருந்தால் இன்று அதற்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பைண்டிங் கடைக்காரன் கண்ணில் அதுதான் முதலில் படும். வடக்குக் கலிபோர்னியாவின் குளிர்ந்த காற்று அந்தப் பெட்டியைக் காப்பாற்றியது. அதே பெட்டி மதுரையில் ஓட்டுவீட்டுப் பரணில் எண்பது ஆண்டுகள் கிடந்திருந்தால், சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்து ஒரு பிடி பொடியைத்தான் விட்டுவைத்திருக்கும்.

அப்பா 1970களில் சேர்த்த முத்து காமிக்ஸ் இதழ்கள் 36. பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்து மூன்று தொகுதிகளாக பைண்டு செய்து வைத்திருந்தார். வாங்க வந்தவர், “பைண்டு செய்தது என்றால் பாதி விலைகூடப் பெறாது” என்கிறார். ஏமாற்றுகிறாரா? பிரித்துத் தனித்தனியாக்கிக் கொடுக்கலாமா?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

அம்மா, அவர் ஏமாற்றவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கை கூசுகிறது.

பைண்டிங் கடையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் பன்னிரண்டு புத்தகங்களைக் கொண்டுவருவீர்கள். முதலில் ஒவ்வொன்றின் கம்பிப் பின்னையும் பிடுங்குவோம். அட்டை கனமாக இருக்கிறது, தையலுக்கு இடைஞ்சல் என்று சிலர் அட்டையையே கிழித்துவிடச் சொல்வார்கள். முதுகில் ரம்பத்தால் கீறி நூல் கோத்துத் தைப்போம். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து தடவுவோம். கடைசியில் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டுவோம், எல்லாம் ஒரே சீராகத் தெரிவதற்காக. அந்த வெட்டில் பக்கத்துக்குக் கால் அங்குலம் போகும். சில நேரம் ஓரத்துப் பேச்சுப் பலூனில் ஓர் எழுத்தும் போகும். அட்டையின் மேல் மூலையில் அச்சிட்டிருந்த விலையும் போகும்.

1970களிலும் 80களிலும் மதுரையில் என்னைப்போல எத்தனையோ பேர் இதைச் செய்தோம். அன்று அதுதான் பாதுகாப்பு. தனிப் புத்தகமாக இருந்தால் கிழியும், இரவல் போகும், திரும்பி வராது. தொகுதியாகத் தைத்துக் காலிகோ முதுகு போட்டு, கில்ட் எழுத்தில் பெயர் பதித்துவிட்டால் வீட்டில் அதற்கு ஒரு மரியாதை வரும். உங்கள் அப்பா செய்தது அந்தக் காலத்தின் மிகச் சரியான காரியம். அதனால்தான் 36 புத்தகங்களும் இன்று உங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் இன்றைய சந்தை ‘கத்தி படாத புத்தகம்’ கேட்கிறது. சேகரிப்பவர்கள் வாயில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் என் மெஷினில் ஏறி இறங்கிய கட்டுகள் என் நினைவுக்கு வருகின்றன. ஒரு பள்ளிக்கூடப் பையன் கொண்டுவந்த கட்டில் முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ இருந்தது. அதன் மூன்று ஓரங்களையும் வெட்டியது என் கைதான்.

பிரிக்காதீர்கள். இது என் உறுதியான பதில். வெட்டிய ஓரம் திரும்ப முளைக்காது. பசை ஊறிய முதுகைப் பிரித்தால் உள்மடிப்பும் கிழியும். தனிப் புத்தகமாகவும் இல்லாமல், தொகுதியாகவும் இல்லாமல் போய்விடும். தொகுதியாகவே வாங்குபவர் கிடைப்பார். அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால் அதை முதலிலேயே சொல்லி விலை பேசுங்கள்.

தரம் பார்த்துச் சான்று தருகிற நிறுவனம் இருக்கிறதாமே? நம்மூர்ப் புத்தகங்களுக்கு அது உண்டா?
– திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

அமெரிக்காவில் 2000 முதல் சிஜிசி என்ற நிறுவனம் அதைச் செய்கிறது. அரையிலிருந்து பத்து வரை மதிப்பெண். அட்டையின் பளபளப்பு, முதுகின் சுருக்கம், கம்பியில் துரு, பக்கங்களின் நிறம், ஏதாவது பக்கம் காணாமல் போயிருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்து எண் கொடுத்து, புத்தகத்தைக் கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிட்டுவிடுவார்கள். முதல் கேள்வியில் சொன்ன ‘சூப்பர்மேன்’ 9 வாங்கியது. அந்த எண் ஒரு புள்ளி ஏறினால் விலை இரண்டு மடங்காகலாம்.

வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் நடுவே நம்பிக்கை வந்தது இந்த முறையால்தான். முன்பு ‘நல்ல நிலை’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஆளுக்கொரு பொருள் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது. ஆகவே அந்தப் புத்தகத்தை இனி யாரும் புரட்டப்போவதில்லை. நாற்பது ஆண்டுகள் காகிதத்தைக் கையால் தொட்டே பிழைத்தவனுக்கு இது வலிக்கிறது. தமிழ்ப் புத்தகங்களுக்கு நாம் இன்னும் கண்ணாலும் விரலாலும்தான் தரம் பார்க்கிறோம். அது இப்படியே நீடிக்கட்டும் என்பதே என் விருப்பம்.

அட்டை கிழிந்த பழைய ராணி காமிக்ஸ் இருபது இருக்கின்றன. செல்லோ டேப் ஒட்டிவிட்டு லேமினேஷன் செய்து விற்கலாம் என்று அண்ணன் சொல்கிறார்.
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

அண்ணனைத் தடுங்கள்!

செல்லோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும். டேப் தானாக உதிர்ந்துபோகும், கறை போகாது. லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது. ஒட்டியபின் எந்தக் கைதேர்ந்தவராலும் பிரிக்க முடியாது. கிழிசலைக் கிழிசலாகவே விட்டாலும் விலையில் ஒரு பங்குதான் குறையும். டேப் பட்டால் அந்த மிச்சமும் போகும். அமெரிக்காவில் பழுதுபார்த்த புத்தகத்துக்குத் தனியாக ஊதா நிறச் சீட்டு ஒட்டுகிறார்கள். திறமையாகச் செய்த வேலையாக இருந்தாலும் விலை இறங்கிவிடும்.

2013இல் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் 10,100 டாலருக்கு ஒரு பழைய வீடு வாங்கிப் பழுதுபார்த்தார். சுவரை உடைத்தபோது, குளிர் புகாமலிருக்க உள்ளே திணித்திருந்த பழைய தாள்களுக்கு நடுவே ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் வந்தது. வீட்டில் ஆளுக்கு ஆள் பிடுங்கிப் பார்த்ததில் பின்னட்டை கிழிந்துவிட்டது. தரம் பத்துக்கு ஒன்றரையாக இறங்கியது. அப்படியும் 1,75,000 டாலருக்கு விற்றது. அந்தக் கிழிசலால் பல பத்தாயிரம் டாலர் போனது என்று அன்று மதிப்பிட்டார்கள்.

உங்களுக்குச் செலவில்லாத வழி சொல்கிறேன். காமிக்ஸ் அச்சிட்டது மலிவான செய்தித்தாள் காகிதத்தில். மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது அது. அதிலிருக்கும் லிக்னின் என்ற பொருள்தான் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. அமிலம் காகிதத்தை நொறுக்குகிறது. ஆகவே புத்தகத்துக்கு முதல் எதிரி ஜன்னல், இரண்டாவது ஈரம். பீரோவில் நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். கடையில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது நாளடைவில் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள், புத்தகத்தின் மேல் வேண்டாம். எங்கள் கடையில் என் அப்பா காலத்திலிருந்து இதுதான்.

மாதம் 10,000 ரூபாய் சேமிக்க முடிகிறது. தங்கத்துக்குப் பதில் காமிக்ஸில் போடலாமா? இப்போது வரும் சிறப்பு வெளியீடுகளை இரண்டிரண்டாக வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் வைத்தால் இருபது ஆண்டில் விலை ஏறாதா?
– பெங்களூரிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்

தம்பி, உங்களைப்போலவே அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் 1990களில் நினைத்தார்கள். 1991இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. வாங்கியவர்களில் பலர் ஒரே கதையை ஐந்து அட்டைகளில் வாங்கினார்கள். 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகிற இதழ் வந்தது, கறுப்பு உறையில் மூடி, உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டையோடு. கடைகளில் வரிசை நின்றது. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோர் வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள். எல்லோரும் பிரிக்காமல் வைத்ததால் அது அரிதாகவே இல்லை. இன்றும் சில நூறு ரூபாய், மிஞ்சினால் சில ஆயிரத்துக்குள் கிடைக்கும். அந்த அலை இறங்கியபோது ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. 1996 டிசம்பரில் ‘எக்ஸ்-மென்’ வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

தமிழில் இன்று நிலைமை வேறு. சிவகாசியிலிருந்து லயன், முத்து வெளியீடுகள் பெரும்பாலும் சந்தாவையும் முன்பதிவையும் நம்பி, அளவாக அச்சாகின்றன. அதனால் சிலவற்றின் விலை ஏறலாம். ஆனால் வாங்க ஆள் வேண்டுமே? இன்று 1970களின் மாயாவிக்கு விலை கொடுப்பவர்கள், அந்தக் காலத்தில் எட்டு வயதில் அதை இரவல் வாங்கிப் படித்தவர்கள். சென்ற ஆண்டு திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என் கண் முன்னால் அட்டை நன்றாக இருந்த ஒரு மாயாவி 4,500 ரூபாய்க்குக் கைமாறியது. வாங்கியவருக்கு என் வயது. காசு கொடுத்ததும் அங்கேயே நின்று நடுப்பக்கத்தைத் திறந்து மோந்து பார்த்தார். இருபது ஆண்டு கழித்து உங்கள் பிரிக்காத பிரதியை வாங்க, இன்று அதைப் படித்து மயங்குகிற சிறுவர்கள் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பணத்தைப் போடுங்கள். இரண்டு பிரதி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவதை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.

பழைய கதைகளை மறுபதிப்பு செய்வதால் எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களின் புத்தகங்களுக்கு மதிப்பு குறைகிறது. இதை நிறுத்தச் சொல்லி எழுதுவீர்களா?
– சென்னையிலிருந்து ஒருவர்

எழுதமாட்டேன். 1938இன் கதை எத்தனையோ முறை மறுபதிப்பாகியிருக்கிறது. முதல் பதிப்பின் விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. கதை எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

மறுபதிப்பை அசல் என்று விற்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1974இல் சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனமே ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழைப் பெரிய அளவில், வெளியே தனி அட்டை போட்டு மறுபதிப்பு செய்தது. அந்த வெளியட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை அசல் என்று விற்று ஏமாற்றியவர்கள் உண்டு. அளவுகோல் வைத்தால் போதும், அசலைவிட அது மிகப் பெரியது. நம்மூரில் நான் பார்த்தவை கலர் ஜெராக்ஸ் அட்டைகள். உள்ளே பக்கம் பழுத்திருக்கும், அட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். கம்பியைப் பாருங்கள்: நாற்பது ஆண்டு ஓட்டையில் புதுக் கம்பி இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

இவ்வளவு கோடி புரள்கிறதே, சூப்பர்மேனைப் படைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?
– காரைக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை

இந்தக் கேள்வி ஒருவராவது கேட்பாரா என்று காத்திருந்தேன்.

ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷூஸ்டர் வரைந்தார். இருவரும் கிளீவ்லாந்து நகரத்துப் பையன்கள், பள்ளித் தோழர்கள். 1938 மார்ச்சில் பதிப்பாளர் அவர்களுக்கு 412 டாலருக்கு ஒரு காசோலை கொடுத்தார். அதில் சூப்பர்மேனுக்கு 130 டாலர். மீதி அவர்கள் செய்த மற்ற வேலைகளுக்கு. அந்த 130 டாலருக்குப் பாத்திரத்தின் எல்லா உரிமையும் கைமாறியது. பிற்காலத்தில் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஷூஸ்டருக்குக் கண்பார்வை மங்கியது. 1975இல் சீகல் பத்திரிகைகளுக்கு எழுதி ஊரறியச் சொன்ன பிறகு, மற்ற ஓவியர்களும் துணைநின்று போராடிய பிறகுதான், ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், ‘படைத்தவர்கள்’ என்று கதையில் அவர்கள் பெயரும் வந்தன.

அந்தப் பழைய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது. காசாக மாற்றித் தீர்ந்துபோன ஒரு காகிதத்துண்டு! அதன் பின்புறத்தில் அந்த இருவரின் கையெழுத்து இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா. 80 கோடி என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த 130தான் நினைவில் நிற்கிறது. உங்கள் வகுப்பில் படம் வரைகிற பிள்ளைகள் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் தாளை முழுவதும் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

என் கணவர் விட்டுப்போன புத்தகங்கள் 212. ஒரு வியாபாரி மொத்தமாக 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். பேரன் ஐந்தாம் வகுப்பு. “தாத்தா புத்தகத்தைக் கொடுக்காதே” என்று அழுகிறான். லயன் கோடை மலர் ஒன்று அட்டை இல்லாமல் இருக்கிறது, மற்றவை பரவாயில்லை. என்ன செய்யட்டும்?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

மொத்த விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அம்மா. மொத்தம் என்று கேட்பவர், அதில் ஐந்தாறு புத்தகங்களை ஏற்கெனவே பார்த்துவைத்திருப்பார். முதலில் ஒரு நோட்டில் ஒவ்வொன்றின் பெயர், இதழ் எண், ஆண்டு, அட்டை இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். பேரனையே எழுதவிடுங்கள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு. ஒரே இதழ் இரண்டு இருந்தால் நல்லதை எடுத்து வைத்துவிட்டு மற்றதை விற்கலாம். 1980க்கு முந்தியவற்றைத் தனியாக வைத்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பணம் இப்போதே தேவை என்றால் அவற்றை மட்டும் கொடுங்கள்.

அந்தக் கோடை மலரை இன்றே பேரனிடம் கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லாததற்கு வியாபாரி எதுவும் தரமாட்டார். கதைப் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் அவனை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.